கழுத்து வலியும் கை மரப்பும்: உழவர்கள் அறிய வேண்டியவை

(தென்காசி வட்டார உழவர் பயிற்சிக் கூட்டத்தில் எலும்பு நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லுக்கும் எலுமிச்சைக்கும் வரும் நோய்களைப் பற்றிக் காலையிலிருந்து கேட்டீர்கள். உழவருக்கு வரும் ஒரு நோயைப் பற்றிச் சிறிது நேரம் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள். கழுத்து எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு பிதுங்கி, கைக்குச் செல்லும் நரம்பை அழுத்துவதால் உண்டாகும் வலி அது. "ஜவ்வு விலகிவிட்டது", "டிஸ்க் நழுவிவிட்டது" என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

நான் சிற்றாற்றுப் பாசனத்தில் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவன். கதிர்க்கட்டும் புல்லுக்கட்டும் உரமூடையும் சுமந்தவர்களின் வீட்டில் வளர்ந்தவன். அந்த உரிமையில் சில செய்திகளை மனம் விட்டுச் சொல்கிறேன்.

கழுத்தின் அமைப்பு

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையில் வட்டு கிடையாது. மற்ற எலும்புகளுக்கு இடையில், ரப்பர் வாசர் வைத்தாற்போல், ஒவ்வொரு வட்டு இருக்கிறது. வட்டின் வெளிப்புறம் நார்களால் பின்னப்பட்ட உறுதியான வளையம். உள்ளே நுங்கின் சதை போன்ற மெத்தென்ற பொருள். தலையைக் குனியவும் நிமிரவும் திருப்பவும் அதிர்ச்சியைத் தாங்கவும் இந்த வட்டுகள் உதவுகின்றன.

முப்பது வயதைத் தாண்டியதும் வட்டில் உள்ள நீர்ச்சத்து மெல்லக் குறையத் தொடங்கும். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒருமுறை கீறல் விழுந்தால் அது ஆறுவது மெதுவாகத்தான். கீறிய வளையத்தின் வழியே உள்ளே இருக்கும் மெத்தைப் பொருள் பிதுங்கி வெளியே வரும்போது பக்கத்தில் உள்ள நரம்பு அழுந்துகிறது. அந்த இடத்தில் வீக்கமும் உண்டாகிறது. உண்மையில் வட்டு இடம் விட்டு நழுவிப் போவதில்லை, பிதுங்குகிறது, அவ்வளவுதான். எனவே "நழுவியதைத் தட்டி உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோளாறு ஓரிடம், வலி வேறிடம்

வாய்க்காலின் தலைப்பில் அடைப்பு விழுந்தால் வாடுவது கடைமடைப் பயிர்தான். கடைமடை வயலில் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் வராது. இந்த நோயும் அப்படியே. அடைப்பு கழுத்தில் இருக்கும். வலியும் மரப்பும் கையில் தெரியும். சிலருக்குக் கழுத்தில் வலியே இருக்காது. தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டே மாதங்களைக் கழித்துவிடுவார்கள்.

பெரும்பாலும் பழுதடைவது ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையிலும், ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு இடையிலும் உள்ள வட்டுகளே. முதலாவதில் கோளாறு என்றால் வலி புயத்தின் வழியே இறங்கிப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். இரண்டாவதில் என்றால் நடுவிரல் மரக்கும். முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறையும். அதற்கும் கீழே பழுது வந்தால் சுண்டுவிரல் பக்கம் மரத்து, பிடிமானம் குறைந்து, அரிவாள் கைநழுவும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்த நோய் உள்ளவர்கள் வலிக்கும் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். "தலையில் கை வைத்து உட்காராதே, வீட்டுக்கு ஆகாது" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அப்படிக் கையைத் தூக்கும்போது நரம்பின் இழுவிசை குறைந்து வலி தணிகிறது என்பதே காரணம். வீட்டில் யாராவது அடிக்கடி அப்படி உட்கார்ந்தால் கடிந்துகொள்ளாதீர்கள், கழுத்தைக் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இடக்கை வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது கழுத்து வலி அன்று, மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

நம் வேலையில் கழுத்துக்கு வரும் பாரம்

வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை உடையது. நிமிர்ந்து நின்றால் கழுத்து அந்த எடையை மட்டும் தாங்கினால் போதும். தலையைக் குனியக் குனிய, அது முன்னால் விழாமல் பிடித்து நிறுத்தப் பிடரித் தசைகள் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையும் சேர்ந்து கழுத்தின் மேல் விழுகிறது. 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ அளவுக்கு உயரும் என்று 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களுக்காகச் செய்த கணக்கு அது. நாள் முழுவதும் களை எடுப்பவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு குனிந்த வேலையும் உண்டு. வயலில் வேலை இல்லாத நாளில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்கள் ஆலங்குளம், கடையம், கடையநல்லூர்ப் பக்கங்களில் ஏராளம். காலையில் குனிந்த தலை மாலையில்தான் நிமிர்கிறது. வயலில் ஒரு சுமை, வீட்டில் ஒரு சுமை என்று அவர்களுடைய கழுத்து இரட்டை வேலை செய்கிறது.

தலைச்சுமை இன்னொரு காரணம். கதிர்க்கட்டு, வைக்கோல், எருக்கூடை, வெங்காய மூடை, எலுமிச்சைக் கூடை யாவும் ஒரு காலத்தில் தலையில்தான் சென்றன. இன்றும் வண்டி போகாத வயல்களில் செல்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் தலைச்சுமை தூக்குவோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1997-இல் வெளியாயிற்று. சுமை தூக்காதவர்களைவிட அவர்களுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் மிகுதி என்று அது தெரிவித்தது. சுமையை வைத்துக்கொண்டு வரப்பில் வழுக்கும்போதும், ஒருவர் தூக்கிவிட மற்றவர் திடீரென்று ஏற்கும்போதும்தான் வட்டில் கீறல் விழ வாய்ப்பு அதிகம்.

அண்ணாந்து பார்க்கும் வேலையும் தீங்கு தரும். தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது நரம்பு வெளியே வரும் துளை குறுகிவிடும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை பறிப்பவர்களும், துறட்டியால் தேங்காய் பறிப்பவர்களும் மாலையில் கை கடுக்கிறது என்று சொல்வது இதனால்தான். டிராக்டர் ஓட்டுபவர்கள் பின்னால் இருக்கும் கலப்பையை மணிக்கணக்கில் திரும்பிப் பார்ப்பதும், மேடு பள்ளத்தில் குலுங்குவதும் கழுத்தைப் பாதிக்கும்.

புகைப் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைப்பவர்களின் வட்டு விரைவில் கெடுகிறது, ஆறுவதும் தாமதமாகிறது.

அருவியில் குளிக்கலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நோயாளி இந்த ஊரில் இல்லை. சாரல் தொடங்கினால் உடல் வலிக்கு மருந்து அருவிதான் என்பது நம் மக்களின் நம்பிக்கை. தசை வலிக்கும் அலுப்புக்கும் அருவிக் குளியல் சுகம் தருவது உண்மையே.

குற்றாலம் பேரருவியின் நீர் மலையுச்சியிலிருந்து நேரே நம் மேல் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே வருகிறது. அதனால்தான் அத்தனை உயரத்து நீரை நாம் தாங்க முடிகிறது. ஆனால் நீர்வரத்து கூடும்போது வேகமும் கூடும். தண்ணீரோடு கல்லும் மரக்கிளையும் வருவதுண்டு.

கையில் வலியோ மரப்போ இல்லாமல் வெறும் தசைப்பிடிப்பு மட்டும் உள்ளவர்கள், நீர் குறைவாக விழும்போது, முதுகிலும் தோளிலும் படும்படி நின்று குளிக்கலாம். குனிந்து நின்று பிடரியில் அடி வாங்கக் கூடாது. வலி கைக்கு இறங்கியவர்களும், விரல் மரத்தவர்களும், நடை தடுமாறுபவர்களும் அருவிக்கடியில் நிற்கவே கூடாது. ஓரமாக நின்று தெறிக்கும் நீரில் நனைந்தால் போதும். பாசிப் பாறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் பழுதான வட்டு முழுவதும் பிதுங்கிவிடலாம்.

அருவிக்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நம் வழக்கம். மென்மையாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை எவரிடமும் அனுமதிக்காதீர்கள். கழுத்து எலும்புகளின் துளைகள் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஓடுகிறது. வேகமாகத் திருப்பும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

வலி வந்தால் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு நல்ல செய்தி. வட்டு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி கணிசமாகக் குறைந்துவிடும். பிதுங்கிய பொருளை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. அதுவரை அதைக் கெடுக்காமல் இருப்பதே மருத்துவத்தின் பெரும் பகுதி.

1. தலைச்சுமையையும் மருந்து தெளிக்கும் வேலையையும் உடனே நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நாள் ஓய்வு போதும். அதன்பின் நடப்பது, மடை மாற்றுவது போன்ற சிறு வேலைகளைச் செய்யலாம். வாரக்கணக்கில் படுத்திருந்தால் தசை வலுவிழக்கும்.

2. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிடரியிலும் தோளிலும் கால் மணி நேரம் ஒற்றடம் கொடுங்கள். மரத்துப்போன இடத்தில் சூடு தெரியாது. ஆகவே சூட்டைப் பிறர் கையால் சோதித்த பிறகே வையுங்கள்.

3. தலையணையை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம், இரண்டு மூன்றாக அடுக்கவும் வேண்டாம். மல்லாந்து படுத்தால் மெல்லிய தலையணை ஒன்று. ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி நிரம்பும் உயரத்தில் ஒன்று. குப்புறப் படுக்கக் கூடாது.

4. வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நாளுக்கு மூன்று முறை சில நாட்கள் சாப்பிடலாம். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் சாப்பிடக் கூடாது.

5. பெயர் தெரியாத கலவை மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைக்கும் உடலில் கடுமையான வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் புண் வரும். "ஒரே ஊசியில் சரியாகும்" என்று போடப்படும் சில ஊசிகளில் ஸ்டீராய்டு இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது பெருந்தீங்கு.

6. கழுத்துப் பட்டை சில நாட்களுக்கு மட்டுமே. மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள் வேலை மறந்துவிடும்.

கடும் வலி தணிந்த பிறகு பயிற்சி தொடங்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல், மோவாயை நேர் பின்னால் இழுத்து ஐந்து விநாடி நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையை அசைக்காமல் கையை எதிர்த்து அழுத்துங்கள். அவ்வாறே பிடரியிலும் இரு பக்கங்களிலும் செய்யுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். பயிற்சியின்போது வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் ஓர் அங்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் தாயார் நாற்பது ஆண்டுகள் தலைச்சுமை தூக்கியவர். ஒரு வருடம் அவர் கையிலிருந்து பாத்திரங்கள் அடிக்கடி விழுந்தன. "கவனமாகப் பிடிக்கக் கூடாதா?" என்று நாங்கள் சலித்துக்கொண்டோம். சோற்றைப் பிசைந்து உருட்ட முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டார். சிரித்தோம். அடுத்த வருடம் வரப்பில் நடக்கும்போது தள்ளாடினார். காலிலிருந்து செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் நடந்தார். வயதாகிவிட்டது என்றோம். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயதுதான். வலி என்று அவர் சொல்லவே இல்லை; நாங்களும் கேட்கவில்லை. நான் அப்போது மருத்துவம் படித்து முடித்தவன்.

பிதுங்கிய வட்டு பக்கத்து நரம்பை விட்டுவிட்டு, நடுவில் செல்லும் தண்டுவடத்தையே அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நடை தேறியது. விரல்களின் நுட்பம் திரும்பவில்லை. பூக்கட்டும் கை அது. அதன்பின் அவர் பூக்கட்டவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அழைத்துச் சென்றிருந்தால் கட்டியிருப்பார். தண்டுவடம் அழுந்தும்போது வலி இல்லாமலும் இருக்கலாம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். வீட்டில் பார்க்கத் தவறினேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

- பித்தான் போடவும், ஊசியில் நூல் கோக்கவும், சோறு பிசையவும் கை தடுமாறுதல்.
- பழகிய வரப்பில் நடை தள்ளாடுதல். கால்கள் விறைத்துப் போதல்.
- தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு.
- கையின் பலம் நாளுக்கு நாள் குறைதல்.
- சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல் அல்லது அடைபடுதல். இதற்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.
- கழுத்து வலியோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், இரவில் தூங்கவிடாத வலி. இது எலும்பில் வரும் காசநோயாகவோ கட்டியாகவோ இருக்கலாம். காசநோய் மருந்தால் குணமாகும். தாமதித்தால் கை கால் செயலிழக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கையை நீட்டி, விரல்களை முழுவதும் மூடி முழுவதும் விரியுங்கள். நலமான கை பத்து விநாடியில் இருபது முறையாவது செய்யும். அதைவிடக் குறைந்து விரல்கள் ஒட்டிக்கொண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரத்திலிருந்தோ பரணிலிருந்தோ விழுந்தவருக்குக் கழுத்து வலித்தால் அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை காத்திருங்கள். அவசரத்தில் நாலு பேர் தூக்கிச் சென்றதால் தண்டுவடம் அறுபட்டுப் போனதுண்டு.

பரிசோதனையும் அறுவை சிகிச்சையும்

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். வட்டும் நரம்பும் தெரியா. அவற்றைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் நாற்பது வயதுக்கு மேல் படம் எடுத்தால் வட்டுப் பிதுக்கம் தெரியும். ஆகவே படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உடலின் அறிகுறியும் படமும் ஒத்துப்போனால்தான் பொருள்.

தண்டுவடம் அழுந்தினாலும், பலம் குறைந்துகொண்டே போனாலும், பல வாரம் முறையாகப் பார்த்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கழுத்தின் முன்புறம் சிறு கீறல் போட்டு, பழுதான வட்டை எடுத்துவிட்டு எலும்புகளை இணைக்கும் முறை 1950-களிலிருந்து நடைமுறையில் உள்ளது. "கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும்" என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. எந்த அறுவையிலும் ஆபத்து சிறிதேனும் உண்டு. ஆனால் தண்டுவடம் அழுந்தியவருக்குச் செய்யாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் முதலில் காட்டி, அவர்கள் சொன்னால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

வேலையை மாற்றிச் செய்யுங்கள்

வேலையை விடச் சொன்னால் உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். செய்யும் முறையை மாற்றலாம்.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெறாமல் கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக நட்டவை. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம் அதற்கு உண்டு. வயலோரத்தில் இரண்டு கம்பம் நட்டு, தோளுயரத்தில் பலகை அடித்தால் அதே பயன் கிடைக்கும். தரையிலிருந்து தூக்கித் தலையில் ஏற்றும் அந்த ஒரு குலுக்கலைத் தவிர்த்தாலே பாதி நன்மை.

இயன்றவரை தலைச்சுமையை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கு மாற்றுங்கள். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நலமான உடலுக்கான மேல் எல்லை அது. நெல்லையும் வெங்காயத்தையும் சிறு மூடைகளாகப் பிடியுங்கள். இரண்டு நடை கூடுதலானால் கூடட்டும். ஒருமுறை வட்டு பிதுங்கியவர்கள் தலைச்சுமையை அறவே விட்டுவிட வேண்டும்.

16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டும். முக்கால் அளவே நிரப்புங்கள். இரு தோள்பட்டைகளையும் மாட்டுங்கள். தரையிலிருந்து தூக்காமல் திண்ணையிலோ வண்டியிலோ வைத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை பறிக்கும்போது உறுதியான முக்காலியில் ஏறி, காய் கண்ணுக்கு நேராக வரும்படி நில்லுங்கள். களை எடுப்பவர்களும் வெங்காயம் அரிபவர்களும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து தோளைச் சுழற்றுங்கள். பீடி சுற்றும் தாய்மார்கள் சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையோ சிறு பெட்டியோ வைத்து அதன்மேல் சுளகை வையுங்கள். சுளகு ஒரு சாண் உயர்ந்தால் குனிவு அந்த அளவுக்குக் குறையும்.

பெருமக்களே, பயிரில் ஓர் இலை நிறம் மாறினால் உடனே பறித்துக்கொண்டு வேளாண் அலுவலரிடம் ஓடி வருகிறீர்கள். வீட்டில் ஒருவர் கையிலிருந்து பாத்திரம் விழுந்தாலும் அதே அக்கறையோடு பாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவியிடமும் தாயாரிடமும் "கை மரக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.